பெரிய மாப்பிள்ளையின் சுவர்

சாவி கைமாறியதைப் பெரிய மாப்பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்தான்.

மாமனாரும் மாமியாரும் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள், பழைய பூச்சைச் சுரண்டினால் தூசி கிளம்பும், தூசி கிளம்பினால் மாமனாருக்கு இழுப்பு வந்துவிடும். அதனால் வேலை முடியும்வரை அவருடைய தம்பி வீட்டில் போய் இருப்பதாக ஏற்பாடு. வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மாமியார் கதவைப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்து, சாவியைப் பெரிய மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, “பாத்துக்குங்க மாப்பிள்ளை” என்பார். அவன் கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். இன்றும் அவன் கையைப் பாதி நீட்டிவிட்டான். மாமியார் அவனைத் தாண்டிப் போய், போன வருஷம்தான் இந்தக் குடும்பத்துக்குள் வந்த சின்ன மாப்பிள்ளையின் கையில் சாவியை வைத்தார்.

“பாத்துக்குங்க மாப்பிள்ளை.”

அதே வார்த்தை. அதே ராகம். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய மாப்பிள்ளை காரின் கதவைத் திறந்துவிட்டான்.

“உங்களுக்கு எதுக்கு சிரமம் மாப்பிள்ளை, டிரைவர் திறப்பாரு” என்றார் மாமனார்.

ஆள் வைத்துச் செய்யலாம் என்று மாமனார் சொன்னபோது, “வேணாம் மாமா, நானே லீவு போட்டுச் செய்றேன்” என்று முன்வந்தவன் சின்னவன்தான். வேலை செய்கிறவனிடம் சாவி இருப்பதுதான் நியாயம். அந்த நியாயம் பெரியவனுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடவில்லை.

இத்தனை வருஷமாக இந்த வீட்டின் கையும் காலும் அவன்தானே? சமையலறைக் குழாய் அவன் மாற்றியது. காலிங் பெல் அவன் வைத்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பி அவன் இழுத்துக் கட்டியது. கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளன். வந்த சரக்கு அன்றைக்கே போயாக வேண்டும் என்பது அவன் உடம்பில் ஊறிப்போன பழக்கம். “பெரியவர்கிட்ட சொன்னாப் போதும், ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவார்” என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லியே அவனுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

கார் தெருமுனை திரும்பியதும் அவன் தொண்டையைக் கனைத்தான்.

“தம்பி, தனியா எப்படி இவ்வளவு பெரிய கூடத்தைச் செய்வீங்க? நானும் லீவு போடுறேன்.”

அவன் மனைவி திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு லீவு கிடைக்குமா? எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டப்ப, ஆபீசையே இழுத்து மூடணும்னு சொன்னீங்க?”

“அது வேற. இது வேற.”

“என்ன வேற?”

“இது சுவரு.”

அந்தப் பதில் அவனுக்கே புரியவில்லை.

மறுநாள் காலை, மேசை நாற்காலியெல்லாம் உள்ளறைக்குப் போய், தரையில் பழைய போர்வைகள் விரித்த வெறுங்கூடத்தில் சின்னவன் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். விரல்முட்டியால் தட்டுவது, காதை வைத்துக் கேட்பது, ஓர் அடி நகர்வது, மறுபடி தட்டுவது. பெரியவனின் மனைவியும், சின்னவனுக்கு வாக்கப்பட்ட அவள் தங்கையும் ஏதோ கச்சேரி கேட்பதுபோல வாயடைத்து நின்றார்கள்.

“யாராவது உள்ள இருக்காங்களா தம்பி? கதவைத் திறக்கச் சொல்லுங்க” என்றான் பெரியவன்.

யாரும் சிரிக்கவில்லை. இதே நகைச்சுவைக்குப் போன வருஷம் மச்சினி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“பூச்சு உள்ளே விட்டுப்போயிருந்தா சத்தம் தொளதொளன்னு வரும்ணா” என்றான் சின்னவன், மன்னிப்புக் கேட்கும் குரலில். “மேல எவ்வளவு நல்ல பெயின்ட் அடிச்சாலும் அந்த இடம் நிக்காது.”

சின்னவனுக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து, பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, அடுத்தவர் வாய்க்குள் உறுத்தாமல் உட்காரும்படி ஒவ்வொரு பல்லாக இழைத்துக்கொண்டிருப்பவன். அந்தப் பொறுமையை அப்படியே சுவருக்குக் கொண்டுவந்துவிட்டான். உரிந்து நின்ற பழைய பெயின்டைத் தகட்டால் சுரண்டினான். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப்பசை போகக் கழுவினான். பிறகு மயிரிழை போன்ற ஒரு விரிசலைத் தகட்டின் முனையால் கீறி, வேண்டுமென்றே அகலமாக்கினான்.

“என்ன தம்பி இது? சின்னதாத்தானே இருந்துச்சு? பெருசாக்கிட்டு அடைக்கறதா?”

“மெல்லிசா இருந்தா அடைக்கிற பட்டி மாவு உள்ளே இறங்காதுண்ணா. மேலோட ஒட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு மாசத்துல மறுபடி கோடு தெரியும்.”

“பல்லுல சொத்தையைக் குடைஞ்சிட்டு அடைக்கிற மாதிரி” என்றாள் மனைவி.

“அதேதான்க்கா!” சின்னவன் முகம் மலர்ந்தது. வாயெல்லாம் பல், அதுவும் தொழில் முறையில் வரிசையான பல்.

‘பல்லுல சொத்தை மாதிரி.’ தன்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள், கூரியரைப் பற்றி ஒரு நாளாவது இப்படி அழகாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?

மத்தியானத்துக்கு மேல் நிலைமை இன்னும் மோசமானது. அடைத்த இடங்கள் காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின், சின்னவன் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்தான். ஒளி பக்கவாட்டில் வழிந்து போக, நேரே பார்த்தால் தெரியாத மேடும் பள்ளமும் நிழல் கட்டி எழும்பின. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் மெல்ல ஒரு வட்டம்.

“ஐயோ, எவ்வளவு பள்ளம்! கண்ணுக்கே தெரியலையே!” மனைவி டார்ச்சை வாங்கிக்கொண்டாள். “நான் பிடிக்கிறேன் தம்பி, நீங்க போடுங்க.”

அவள் டார்ச் பிடித்தாள். அவன் வட்டம் போட்டான். ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள், சின்னவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். தோள் குலுங்கி, புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் அந்தச் சிரிப்பைப் பெரியவன் நன்றாக அறிவான். கல்யாணமான புதிதில் அது அவனுக்கென்றே இருந்தது. எதிர்ச்சுவர் ஓரம் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்குக் காதில் புகை வராத குறை.

தப்பாக எதுவுமில்லை. அது அவனுக்குத் தெரியும். அவள் தம்பி முறையில் சின்னவனிடம் பழகுகிறாள். அவனும் அக்கா அக்கா என்று சுற்றுகிறான். சந்தேகப்பட ஏதாவது இருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடக்கூட வழியில்லாமல் புழுங்குவதுதான் கொடுமை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள்: “எவ்வளவு பொறுமை பாருங்க அந்தத் தம்பிக்கு.”

“ம்.”

“அவசரமே இல்ல.”

“சம்பளத்தோட லீவா இருக்கும்.”

“ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வர்றீங்க?”

“மூஞ்சியே அப்படித்தான்.”

அன்றே அவன் முடிவு செய்துவிட்டான். வாசலுக்கு நேரே இருக்கும் பெரிய சுவரைத் தனியாகத் தானே எடுத்துக்கொள்வது. சின்னவன் வட்டம் போட்டு முடிப்பதற்குள் பெயின்டே அடித்து நிறுத்திவிடுவது. மாமியார் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான்.

அடுத்த நாள் அவன் வேலை செய்த வேகத்தைப் பார்த்திருந்தால் கூரியர் அலுவலகத்தில் பதவி உயர்வே கொடுத்திருப்பார்கள். தானாக உதிர்ந்ததை மட்டும் சுரண்டினான். பிடித்துக்கொண்டு நின்றதை நிற்கட்டும் என்று விட்டுவிட்டான். கழுவவில்லை. மெல்லிய பூச்சாக இரண்டு முறை, நடுவில் காயவிட்டு, என்று டப்பாவில் போட்டிருந்தது. இரண்டு மெல்லியது ஒரு தடிமன்தானே என்று கணக்குப் போட்டு, பட்டியை ஒரே பூச்சாக அப்பினான். அப்பியபின்தான் காய்வதற்கு நேரமாகும் என்பது உறைத்தது.

எதிர்ச்சுவரில் சின்னவன் இரண்டாம் கைப் பட்டி வைத்துக்கொண்டிருந்தான். அவன் உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, பெரியவன் இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு ஓடி, மனைவி தலை உலர்த்தும் ஹேர் டிரையரைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்தான். கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவருக்குத் தலை உலர்த்த ஆரம்பித்தான். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, பார்லரில் மணப்பெண்ணுக்குச் செய்வதுபோல.

“என்ன சத்தம் அத்தான்?” சமையலறையிலிருந்து மச்சினி.

“ஃபேன்மா, ஃபேன்!”

சின்னவன் திரும்பி வந்தபோது டிரையர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது, சுவர் வெள்ளையாகக் காய்ந்து நின்றது. அவன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“காஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா சூடா இருக்கேண்ணா?”

“என் கை பட்ட சூடு.”

“நாளைக்குப் பிரைமர் அடிச்சு, அப்புறமா...”

“உங்க சுவருக்கு அடிங்க தம்பி. என் சுவர் திடமான சுவர்.”

சாயங்காலத்துக்குள் பெரிய சுவர் இளம்பச்சையில் ஜொலித்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் வழுக்கிக்கொண்டு போனது. எதிரே சின்னவனின் சுவர், வட்டமும் வெள்ளைத் திட்டுமாக, அம்மை போட்ட பிள்ளைபோல நின்றது. வீடியோ காலில் மாமியார் வந்தார். மச்சினி போனைச் சுற்றிக் காட்டினாள்.

“அடடே! அந்தப் பச்சை யாரு செஞ்சது?”

“அத்தான்மா.”

“பின்னே! பெரியவர்னா பெரியவர்தான். கண்ணு பட்டுடும் போலிருக்கு.” பிறகு ஒரு நொடி தயங்கி, “சின்னவரும் மெதுவா நல்லா செய்வாரு” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த ‘மெதுவா’ பெரியவன் காதில் தேனாகப் பாய்ந்தது. கொடி நாட்டிய மிதப்பில் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரில் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஊரே கைதட்டி, ஒருத்தி மட்டும் தட்டாதது அவனுக்கு வீடு போய்ச் சேரும்வரை உறுத்தியது.

காலையில் மனைவி குளிக்கப் போயிருந்தபோதே அவன் கிளம்பி, சின்னவன் வீட்டு வாசலில் நின்றான். சாவி அங்கேதானே இருந்தது? கேட்டு வாங்க மனம் வராமல், “சேர்ந்தே போவோம்னு வந்தேன்” என்றான். மாமனார் வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள். சின்னவன் கதவைத் திறந்தான்.

இளம்பச்சைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. சில இடங்களில் பெயின்ட், பழைய பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, தோல்போலத் தொங்கியது. மூலையில் ஒரு பெரிய துண்டு அவர்கள் கண்ணெதிரிலேயே சுருண்டு, ‘பொத்’தென்று போர்வையில் விழுந்தது.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னும் சற்று நேரத்தில் அவள் வருவாள், பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. உதவிக்குத் திரும்பியவன் கண்ணில் அது பட்டது. சின்னவனின் உதட்டோரம். ஒரு கணம்தான்.

“சிரிச்சீங்க.”

“இல்லண்ணா.”

“சிரிச்சீங்க தம்பி. நான் பார்த்தேன்.”

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். காதுகள் சிவந்துபோயின. “ஆமாண்ணா. ஒரு செகண்ட் சந்தோஷமா இருந்துச்சு. தப்புதான்.”

“சந்தோஷமா?”

“பின்னே என்னண்ணா?” அந்தச் சாந்தசொரூபி திடீரென்று குரலை உயர்த்தியதில் பெரியவன் ஓர் அடி பின்வாங்கினான். “இந்த வீட்டுல நான் எதைத் தொட்டாலும் அது நீங்க செஞ்சது. குழாயைத் திறந்தா, ‘அத்தான் மாத்தினது.’ பெல்லை அடிச்சா, ‘அத்தான் வச்சது.’ எங்க வீட்டுல மிக்ஸி ரிப்பேர் ஆச்சு. நான் ஸ்க்ரூ டிரைவரோட நிக்கிறேன், இவ போனை எடுத்துக்கிட்டு, ‘அத்தானைக் கூப்பிடவா’ங்கறா! இந்த ஒரு கூடமாவது என் பேர்ல இருக்கட்டும்னுதான் லீவு போட்டேன். அதுக்குள்ளயும் வந்து பெரிய சுவரை எடுத்துக்கிட்டீங்க. நேத்து அத்தை சொன்னதைக் கேட்டீங்கல்ல? ‘மெதுவா நல்லா செய்வாரு.’ மெதுவா!”

தன் வயிற்றில் எரிந்த அதே அடுப்பு எதிர்வயிற்றிலும் எரிந்துகொண்டிருந்தது என்பது பெரியவனுக்கு விநோதமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

“என்னைப் பார்த்தா உங்களுக்குப் பொறாமை?”

“தூக்கம் வரலைண்ணா.”

“எனக்கு மூணு நாளா வரலை” என்றான் பெரியவன். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டான். “அன்னைக்கு டார்ச் பிடிக்கிறப்ப என்ன அப்படிச் சிரிப்பு, ரெண்டு பேருக்கும்?”

“அதுவா? உங்க வீட்டு அலமாரி கதையை அக்கா சொன்னாங்க. கல்யாணமான புதுசுல நீங்க ஒரே நிமிஷத்துல மாட்டினீங்களாம். அவங்க பாத்திரத்தை அடுக்கி முடிக்கிறதுக்குள்ள விழுந்துச்சாமே? மறுபடி மாட்டினீங்களாம். மறுபடி...”

“போதும், போதும்.”

ஆக, அந்தச் சிரிப்பு முழுக்கத் தன்னைப் பற்றியது. நிம்மதிப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் அவன் தகட்டை எடுத்து ஒரு கொப்புளத்தைக் குத்தினான். உள்ளே பட்டி ஈரக் களிமண்ணாக இருந்தது.

“இது எப்படிண்ணா மேல காஞ்சு உள்ள ஈரமா இருக்கு? என்ன செஞ்சீங்க?”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “ஹேர் டிரையர்” என்றான் பெரியவன்.

சின்னவன் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சிரிப்பு பெரியவனையும் தொற்றிக்கொண்டது. சுவரைக் காட்டி ஒருவன், “தலைக்கு எண்ணெய் வச்சீங்களா?” என்பான், மற்றவன், “பொடுகு பார்த்தீங்களா எப்படி உதிருது?” என்பான், இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வழியும். சிரித்துக்கொண்டே இரண்டு தகடுகளோடு சுவர்மேல் பாய்ந்தார்கள். அதிலும் போட்டிதான்: எவன் பாதி முதலில் முடியும் என்று ஒருவன் பக்கத்தை மற்றவன் ஓரக்கண்ணால் அளந்துகொண்டே சுரண்டினார்கள். தூசி வெளியே போகாமலிருக்கக் கதவைத் தாழிட்டிருந்தார்கள். வெளியே யாரோ தட்டியது வெகுநேரம் காதில் விழவில்லை.

திறந்தபோது மனைவி நின்றாள். ஈரத்தலை முழுக்க வெள்ளைப் பொடி.

“தலையைக் காய வச்சா மாவா கொட்டுது! என்ன பண்ணினீங்க என் டிரையரை?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி தொடங்கிவிட்டது. பேசவே முடியவில்லை.

“என்ன அப்படிச் சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?”

“ஒண்ணுமில்லக்கா” என்றான் சின்னவன் மூச்சிரைக்க. “அது எங்களுக்குள்ள.”

பின்னாலேயே வந்த மச்சினி, “பார்றா! ‘எங்களுக்குள்ள’யாம்!” என்றாள்.

மனைவி உரிந்த சுவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். தலை முதல் கால்வரை சுண்ணாம்புத்தூசியோடு, சின்னப்பிள்ளைபோல, வேறொருவரோடு சேர்ந்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான். “என்கிட்ட இப்படிச் சிரிச்சுப் பேசி எவ்வளவு நாளாச்சு” என்றாள், பாதி தனக்குள். உதடு இறுகி, மூக்கு நுனி விடைத்துக்கொண்டது. அந்த முகத்தைப் பெரியவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான். மூணு நாளாகக் கண்ணாடியில் பார்த்த அதே முகம். அவனுக்குள் ஜில்லென்று ஏதோ இறங்கியது.

சின்னவன் வாளித் தண்ணீரில் துணியைப் பிழிந்து, “வாங்கண்ணா, தூசியைத் துடைச்சிடலாம். ஒரு தூசி நின்னாலும் பட்டி பிடிக்காது” என்றான்.

மனைவி அந்தத் துணியை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்று மரியாதைக்குச் சொல்ல வேண்டும். பிடுங்கினாள்.

“நீங்க உங்க சுவரைப் பாருங்க தம்பி. இதை நாங்க துடைச்சுக்கிறோம்.”

அவள் மேலே துடைத்தாள். அவன் கீழே துடைத்தான். வாளித் தண்ணீரில் இருவர் கையும் ஒரே நேரத்தில் இறங்கியபோது, அவள் கையை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமியார் போன் வந்தது. மச்சினி யோசிக்காமல் வீடியோவை எடுத்து, கூடத்தைக் காட்டிவிட்டாள்.

“ஐயையோ! நேத்து பச்சையா இருந்ததே, என்னாச்சு?”

சின்னவன் முந்திக்கொண்டான். “அது அத்தை, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொஞ்சம் அவசரப்பட்டு...”

பெரியவனுக்குச் சுருக்கென்றது. “ரெண்டு பேரும் இல்ல அத்தை. நான்தான். ஈரத்து மேல பெயின்ட் அடிச்சுக் கெடுத்தது நான் மட்டும்தான்.” பிறகு சின்னவன் பக்கம் திரும்பி, “என் சுவரை நான் கெடுத்தேன் தம்பி. உங்களுக்கு என்ன அதுல பங்கு?” என்றான்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணா.”

“எந்தப் பேச்சுக்கும் வேணாம். நீங்க நல்லவர்னு பேர் வாங்க என் சுவர்தான் கிடைச்சுதா?”

மனைவிக்குத் தோள் குலுங்கியது. புறங்கை வாய்க்குப் போனது. பொத்தியதையும் மீறிச் சத்தம் வந்தது.

மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சரி, விடுங்க மாப்பிள்ளை. நாங்க எப்ப வர்றது? சின்னவரே, எப்ப முடியும்?”

“என் பக்கம் நாளைக்கு முடிஞ்சிடும் அத்தை” என்றான் சின்னவன், அந்த ‘நாளைக்கு’மேல் ஒரு சிட்டிகை அழுத்தம் வைத்து.

எல்லோரும் பெரியவனைப் பார்த்தார்கள். ‘ஒரு நிமிஷம்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மனைவி துணியைப் பிழிந்துகொண்டே போன் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“நாலு நாள் கழிச்சு வாங்கம்மா” என்றாள். “அவரு சுவர் நல்லா காயணும்.”